ஹிந்துஸ்தானி சங்கீதம் கேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு: ஒரு தம்புரா, ஒரு ராகம், ஒரு தாளம்

"ஹிந்துஸ்தானி கேக்கணும்னு ஆசையா இருக்கு, எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல"ன்னு மாசத்துக்கு ஒருத்தராவது எங்கிட்ட கேக்கறாங்க. பெரும்பாலும் ஏற்கனவே ஒரு தடவை முயற்சி பண்ணி விட்டவங்கதான். ஒரு மணி நேர ரெக்கார்டிங் ஒண்ண போட்டிருப்பாங்க, பாடறவர் ஒரே வரிய வெச்சு இழுத்துட்டே இருப்பார், தபலா எங்கயோ பின்னாடி மெதுவா போயிட்டிருக்கும், பாட்டு எப்போ ஆரம்பிக்கும்னு காத்திருந்து பாத்துட்டு பத்தாவது நிமிஷம் நிறுத்திருப்பாங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: பாட்டு அந்த பத்து நிமிஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியற அந்த மெதுவான பகுதியிலதான் இந்த சங்கீதத்தோட உயிரே இருக்கு, அத கேக்க காது பழகாததாலதான் காலியா தெரியுது. காது பழகறதுக்கு நூறு ராகம், இருபது கரானா (பாடற பாணி) எல்லாம் வேண்டாம். ஒரு தம்புரா, ஒரு ராகம், ஒரு தாளம், ஒரு மாசம். அவ்வளவுதான்.

எனக்கு இத புரிய வெச்சது புனேல ஒரு பெரியவர். வேலைக்காக அங்க போன முதல் வருஷம், டிசம்பர்ல சவாய் கந்தர்வ விழாவுக்கு போனேன். பீம்சேன் ஜோஷி தன்னோட குரு நினைவா 1953ல ஆரம்பிச்சது, பெரிய பந்தல் போட்டு ஆயிரக்கணக்குல ஜனங்க தரையில உக்காந்து கேப்பாங்க. பக்கத்துல மஃப்ளர் சுத்திட்டு அந்த பெரியவர், காகான்னு வெச்சுக்கோங்க. கண்ண மூடிட்டு வலது கைய முட்டி மேல வெச்சிருந்தார், கட்டை விரல் மட்டும் மத்த விரல் கணுக்கள்ல ஒண்ணொண்ணா நகந்துட்டே இருந்துச்சு. மேடையில பாடறவங்க எங்கயோ சுத்திட்டிருக்காங்க, நான் முழுசா தொலஞ்சு போயிட்டேன். காகாவோட கட்டை விரல் திரும்ப முதல் கணுவுக்கு வந்த அதே நொடியில பாட்டோட முதல் சொல் வந்து டக்குனு உக்காந்துச்சு, பந்தல் முழுக்க "வாஹ்"னு ஒரு மூச்சு, அவர் கண்ண தொறந்து என்ன பாத்து சிரிச்சார். எனக்கு புரியலன்னு முகத்துலயே தெரிஞ்சிருக்கும் போல. "பேட்டா, வேற எதையும் தேடாத, சம் வரைக்கும் கூடவே வா"ன்னார். அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அவர் விரலதான் பாத்துட்டிருந்தேன்.

சம்னா தாளத்தோட முதல் மாத்திரை, அதாவது முதல் எண்ணிக்கை. அதுக்கு அப்புறம் வரேன்.

முதல் படி: தம்புராவோட உக்காருங்க

பாட்டே போடாதீங்க. போன்ல ஒரு தான்பூரா ஆப் இறக்கிக்கோங்க, நிறைய இலவசமாவே கிடைக்குது. ஆண் குரலா இருந்தா சி ஷார்ப்ல வெச்சு ஆரம்பிச்சு பாருங்க, நம்ம ஊர்ல ஒன்றரைக் கட்டைன்னு சொல்றதுதான் அங்க "காலி ஏக்", ஹார்மோனியத்துல முதல் கருப்புக் கட்டை. உங்களுக்கு எது வசதியோ அதுக்கு மாத்திக்கலாம். ஹெட்போன் போட்டு ராத்திரி விளக்க அணைச்சுட்டு பத்து நிமிஷம், வெறும் தம்புரா மட்டும்.

நாலு தந்தி. முதல் தந்தி ப, நடுவுல ரெண்டும் ச, கடைசி தந்தி கீழ் ச, அத "கரஜ்"ம்பாங்க. ராகத்துல ப இல்லன்னா முதல் தந்திய ம-வுக்கு மாத்திடுவாங்க, மால்கௌன்ஸ் பாடும்போது அப்படித்தான். மேடையில கச்சேரிக்கு முன்னாடி இதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கறாங்கன்னு கவனிச்சு பாருங்க. தந்தி உக்காந்திருக்கற குதிரை அகலமா லேசா வளைஞ்சு இருக்கும், அந்த குதிரைக்கும் தந்திக்கும் நடுவுல ஒரு சின்ன பருத்தி நூல சொருகி, அத மயிரிழை அளவுக்கு முன்ன பின்ன நகத்திட்டே தந்திய மீட்டுவாங்க. ஒரு இடத்துல நூல் சரியா வந்து நின்னதும் அதுவரைக்கும் மொட்டையா இருந்த சத்தம் அப்படியே தேனீக்கூட்டம் மாதிரி விரிஞ்சு ரீங்காரம் போடும். இதத்தான் ஜவாரின்னு சொல்றது. சிதார்லயும் இதே ஜவாரிதான், "திறந்த ஜவாரி", "மூடின ஜவாரி"ன்னு பேசிப்பாங்க. ஜவாரி சரி பண்றதுக்குன்னே தலைமுறை தலைமுறையா குடும்பங்க இருக்கு, மகாராஷ்டிரால மிரஜ் ஊர் தம்புராவுக்கும் சிதாருக்கும் பேர் போனது, 2024ல ரெண்டுக்கும் புவிசார் குறியீடு கூட கிடைச்சிருக்கு.

பத்து நிமிஷம் தினமும் கேட்டுட்டே வாங்க. நாலஞ்சு நாள்ல ஒண்ணு நடக்கும். அந்த கரஜ் தந்தி அடிச்சு அடங்கும்போது உள்ளேர்ந்து இன்னொரு ஸ்வரம் மெல்ல எழும்பும், யாரும் மீட்டாத காந்தாரம். நாலு தந்தியில ஒண்ணுல கூட க இல்ல, ஆனா க கேக்கும். எனக்கு முதல் தடவை கேட்டப்போ ஆப்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சு நிறுத்தி மறுபடி போட்டேன். அது கேக்க ஆரம்பிச்சதும் அடுத்த படிக்கு போங்க.

ரெண்டாவது படி: ஒரே ஒரு ராகம், யமன்

ஏன் யமன்னா, அந்த தானா எழும்பற காந்தாரம்தான் இந்த ராகத்தோட வாதி ஸ்வரம், அதாவது ராஜா. பாடறவங்க க-வுல வந்து நிக்கும்போது தம்புராவுல இருக்கற க-வும் சேந்துக்கும், அப்போ கூடம் முழுக்க ஒரு வெளிச்சம் ஏத்தின மாதிரி இருக்கும். ஹிந்துஸ்தானி கத்துக்கறவங்கள்ல நிறைய பேருக்கு முதல் ராகமே இதுதான்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு சொல்றேன், ஸ்வரக் கணக்குல இது நம்ம கல்யாணிதான், அதே ஏழு ஸ்வரம், அதே பிரதி மத்யமம், அங்க அத "தீவ்ர ம"ம்பாங்க, ரி-ய "ரே"ம்பாங்க. ஆனா கல்யாணிய எதிர்பாத்துட்டு போனா ஏமாத்தமா இருக்கும். நம்ம கல்யாணியில ஸ்வரங்கள் கமகத்துல அசைஞ்சுட்டே இருக்கும், அந்த அசைவுதான் கல்யாணி. யமன்ல ஒரு ஸ்வரத்த எடுத்து அப்படியே அசையாம நிறுத்துவாங்க, அது நிக்கற நேரம்தான் அழகு. அப்புறம் மேல போகும்போது ச-வையும் ப-வையும் பல நேரம் தாண்டிடுவாங்க: கீழ் நி-யில ஆரம்பிச்சு நேரா ரே, க. நி ரே க, இந்த மூணு ஸ்வரம்தான் யமனோட கையெழுத்து. தம்புராவ ஓட விட்டு நீங்களே முணுமுணுத்து பாருங்க, குரல் நல்லா இருக்கணும்னு அவசியமே இல்ல, கதவ சாத்திக்கோங்க. ஒரு நாள் பஸ்ல யாரோ போன்ல ஏதோ ஓடிட்டிருக்கும், நி ரே கன்னு கேக்கும், "அட யமன்"னு மனசு சொல்லும். அந்த நொடிக்காகத்தான் ஒரு மாசம் வேற ராகம் வேண்டாம்னு சொல்றேன்.

யாரோட யமன்? யூடியூப்ல தேடினாலே வரும்: அமீர் கான், பீம்சேன் ஜோஷி, கிஷோரி அமோன்கர், ரஷீத் கான். சிதார்ல விலாயத் கான், பன்சூரியில பன்னாலால் கோஷ். நாள் ஒண்ணுக்கு ஒருத்தர், சாயங்காலம் விளக்கு வெச்சதுக்கு அப்புறம். அது யமனோட நேரம். அங்க ராகத்துக்கு நேரம் பாக்கறது இன்னமும் பெரிய விஷயம்: விடிகாலை பைரவ், அது தாண்டி தோடி, மத்யானம் சாரங், சூரியன் சாயற நேரம் மார்வா, பூரியா, ராத்திரி பாகேஸ்ரீ, நடுராத்திரி தர்பாரி, மால்கௌன்ஸ். மழைக்கு மல்ஹார். நம்பிக்கை இருக்கோ இல்லையோ, மார்வாவ ஒரு நாள் மாடியில நின்னு அந்தி வேளையில கேட்டு பாருங்க, ஒரு தவிப்பு வரும் பாருங்க, காலையில பத்து மணிக்கு அதே ரெக்கார்டிங் அப்படி இருக்காது.

ராகப் பேர் பத்தி ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும், நம்ம ஆளுங்க அதிகம் குழம்பறது இங்கதான். மால்கௌன்ஸ்னா நம்ம ஹிந்தோளம், பூபாலின்னா மோகனம், துர்கான்னா சுத்த சாவேரி, பைரவ்னா ஸ்வரத்துல மாயாமாளவகௌளை, சரளி வரிசை படிச்சோமே அதே. இதெல்லாம் ஸ்வர அளவுல சுலபமா பொருந்தும். ஆனா அவங்க பைரவிக்கும் நம்ம பைரவிக்கும் சம்பந்தம் இல்ல, அவங்க பைரவியோட ஸ்வரங்கள் நம்ம தோடியோடது. சரி அப்போ அவங்க தோடி? அது நம்ம சுபபந்துவராளி. பேர பாத்து முடிவு பண்ணாதீங்க, காத வெச்சு முடிவு பண்ணுங்க. கொடுக்கல் வாங்கலும் நிறைய நடந்திருக்கு, இங்கேர்ந்து ஹம்சத்வனி, கீரவாணி, சாருகேசி எல்லாம் வடக்க போச்சு, அங்கேர்ந்து பெஹாக், தேஷ் இங்க வந்துச்சு. ஹிந்துஸ்தானி ராகங்கள இன்னைக்கு பத்து தாட்டா, அதாவது பத்து தாய் வகையா பிரிச்சு சொல்லித் தர்றாங்களே, அத வகுத்த பாத்கண்டே 1904ல தெற்க வந்து எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதர பாத்து பேசிட்டு போனவர், கர்நாடக ராகங்களுக்கு வேங்கடமகி வகுத்த 72 மேளத்த நல்லா அலசினவர். எட்டயபுரம்னா நமக்கு பாரதிதான் ஞாபகம் வரும், இதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

மூணாவது படி: சம்முக்கு காத்திருக்க பழகுங்க

முதல்ல தீன்தால். 16 மாத்திரை, நாலு நாலா நாலு பாகம்.

தா தின் தின் தா
தா தின் தின் தா
தா தின் தின் தா (இந்த மூணாவது வரியில முதல் "தா"வ தவிர மத்ததுல மாத்தம் இருக்கு, கீழ பாருங்க)
தா தின் தின் தா

தமிழ் எழுத்துல எழுதினா வித்தியாசம் தெரியாதுங்கறதால வாய்ல சொல்லி விளக்கறேன். முதல் ரெண்டு வரியில தா-வும் தின்-னும் கனமா, அடிவயித்துலேர்ந்து வர்ற "dh" ஒலி, தனம்ங்கற சொல்ல அழுத்தி சொல்ற மாதிரி, ஏன்னா பாயாவும், அதாவது இடது கையால வாசிக்கற தபலாவும், சேந்து பேசுது. 9வது மாத்திரைக்கு அப்புறம் பாயா வாய மூடிக்கும், வலது கை மட்டும் லேசா போகும், தாளம் திடீர்னு எடையில்லாம மிதக்கற மாதிரி இருக்கும். அந்த 9வது மாத்திரைதான் காலி. கையால போடும்போது 1, 5, 13ல தட்டு, 9ல கைய திருப்பி வீச்சு. 14வது மாத்திரையில பாயா திரும்ப உள்ள வரும், அப்போ சம் பக்கத்துல வந்தாச்சுன்னு அர்த்தம். எண்ணவே வேண்டாம், கனம் குறையுதா கூடுதான்னு மட்டும் கவனிங்க.

அடுத்து நிஜமான சோதனை, விலம்பித (ரொம்ப மெதுவான) ஏக்தால். 12 மாத்திரைதான், ஆனா ஒரு சுத்து முடிய ஒரு நிமிஷம் கூட ஆகும். நாம பத்து நிமிஷத்துல தொலஞ்சு போறதே இங்கதான். இதுக்கு ஒரு அடையாளம் சொல்றேன், எனக்கு இது தெரிஞ்ச நாள்லேர்ந்துதான் படா க்யால், அதாவது மெதுவா விரியற அந்த பாட்டு, கேக்கறதே ஒரு சந்தோஷமா மாறிச்சு. ஏக்தால்ல "திரகிட"ங்கற சடசடன்னு விழற சொல்லு ஒரு சுத்துக்கு ரெண்டே தடவை வரும், 4வது மாத்திரையில ஒண்ணு, 10வது மாத்திரையில ஒண்ணு. முதல் திரகிட வந்தா அதுக்கப்புறம் பாயா அடங்கி தூ, னா, கத், தான்னு வெறிச்சுனு போகும். ரெண்டாவது திரகிட வந்தா அதுக்கு மேல தின், னா, ரெண்டே மாத்திரை, அடுத்தது சம். இப்போ பாடறவங்கள பாருங்க. ரெண்டாவது திரகிட நெருங்கும்போது அவங்க எங்க சுத்திட்டிருந்தாலும் மெல்ல வீட்டுப் பக்கம் திரும்ப ஆரம்பிப்பாங்க, பந்திஷோட, அதாவது பாட்டோட, முதல் வரிய, அத முக்டாம்பாங்க, எடுத்து நேரா கொண்டு வந்து சம்ல வெப்பாங்க. சில பேர் வேணும்னே தாமதிச்சு, வராது போலிருக்கேன்னு நமக்கு பதறும்போது கடைசி நொடியில வந்து இறங்குவாங்க. காகா சிரிச்சது அந்த இடத்துலதான்.

கர்நாடக கச்சேரி கேட்டு பழகினவங்களுக்கு தபலா சும்மா ஒரே மாதிரி வாசிக்குதேன்னு தோணும். மிருதங்கம் பாட்டோட சொல்லுக்கு சொல் கூடவே ஓடும், அங்க தபலாதான் கடிகாரம், தேக்காவ, அதாவது தாளத்தோட அந்த அடிப்படைச் சொற்கள, நகராம பிடிச்சுட்டு இருந்தாதான் பாடறவங்க அவ்வளவு தூரம் அலைய முடியும். ஒரு நிமிஷ சுத்த அரை மணி நேரம் ஆடாம அசையாம பிடிக்கறது எவ்வளவு பெரிய காரியம்னு ஒரு தடவை நீங்களே மேசையில தட்டி பாருங்க. தனி தபலா கச்சேரியில இது தலைகீழா மாறும், சாரங்கியோ ஹார்மோனியமோ ஒரே ஒரு மெட்ட திரும்பத் திரும்ப வாசிச்சு கடிகாரமா இருக்கும், லெஹ்ரான்னு பேர், தபலா அலையும்.

நாலாவது படி: கச்சேரியில என்ன எங்க வருது

இது சுருக்கமா போதும். க்யால்னா முதல்ல சின்ன ஆலாப், நம்ம ஆலாபனை மாதிரி, அப்புறம் படா க்யால், அது மெதுவா விரியும், பாட்டே ரெண்டு வரி, நாலு வரிதான் இருக்கும், ஸ்தாயின்னு ஒண்ணு அந்தரான்னு ஒண்ணு. அப்புறம் அதே ராகத்துல சோட்டா க்யால், வேகம், தான்கள் (வேகமான ஸ்வர ஓட்டங்கள்) பறக்கும். கடைசியில டும்ரி, பஜன், முடிவுல பைரவி. வாத்தியம்னா ஆலாப், ஜோட், ஜாலா மூணும் தபலா இல்லாம, ஜோட்ல லயம் வந்துடும் ஆனா தாளம் இருக்காது, அப்புறம் தபலா சேந்து கத், அதாவது தாளத்தோட வாசிக்கற பாட்டு. த்ருபத் இதுக்கெல்லாம் மூத்தது, தபலாவுக்கு பதிலா பக்வாஜ், ஆலாப் மட்டுமே ஒரு மணி நேரம் போகும், டாகர் குடும்பத்துக்காரங்க பாடினத பின்னாடி ஒரு நாள் கண்டிப்பா கேளுங்க, ஆனா முதல் மாசம் வேண்டாம்.

அஞ்சாவது படி: வாத்தியங்கள காதால அடையாளம் கண்டுபிடிங்க

படத்த பாத்து பேர் மனப்பாடம் பண்றது ஒண்ணுத்துக்கும் உதவாது. ஸ்க்ரீன திருப்பி வெச்சுட்டு கேளுங்க.

சிதாரும் சரோடும்தான் எல்லாருக்கும் குழம்பும். சிதார்ல மெட்டு, அதாவது ஃப்ரெட், உண்டு, வீணையில மெழுகுல பதிச்ச மாதிரி இல்லாம நூலால கட்டி வளைவா இருக்கும், ராகத்துக்கு தகுந்தாப்ல நகத்திக்கலாம். ஆள்காட்டி விரல்ல மிஸ்ராப்னு ஒரு கம்பி வளையம் போட்டு மீட்டுவாங்க. ஒரே மெட்டுல தந்திய பக்கவாட்டுல இழுத்து நாலஞ்சு ஸ்வரம் வரைக்கும் கொண்டு வருவாங்க, அது மீண்ட், அந்த இழுப்பும் ஜவாரியோட மினுமினுப்பும் சேந்ததுதான் சிதார் சத்தம். மெட்டுக்கு அடியில பத்து பன்னெண்டு தரப் தந்திங்க இருக்கும், அத யாரும் மீட்ட வேண்டியதில்ல, மேல வாசிக்கற ஸ்வரத்துக்கு தானா சிலிர்த்துக்கும். விலாயத் கான் சிதார பாட வெச்சவர், கேட்டா ஒருத்தர் தொண்டையில பாடற மாதிரியே இருக்கும். ரவிசங்கர் வாசிப்புல கீழ்ஸ்தாயி கம்பீரமும் லயக் கணக்கும் தூக்கலா இருக்கும். நிகில் பானர்ஜி எனக்கு தனிப்பட்ட முறையில ரொம்ப பிடிச்சவர், ராத்திரி தனியா கேளுங்க.

சரோட்ல மெட்டே கிடையாது. வழவழன்னு ஒரு எஃகு தகடு, அதுல இடது கை நகத்தோட ஓரத்தால தந்திய அழுத்தி வழுக்கிட்டு போவாங்க, வலது கையில தேங்காய் ஓட்டுல செஞ்ச ஜவா. கீழ குடத்துக்கு ஆட்டுத் தோல் போத்தியிருக்கும், அதனால சத்தம் சிதார விட தடிச்சு, கொஞ்சம் கரடா, நடுவுல பளிச்சுனு ஒரு வெட்டு. வாசிக்க வாசிக்க நகத்துல தந்தி பள்ளம் போட்டுடும், மேடையிலயே அரம் எடுத்து தேய்ச்சுக்கறத நான் கிட்டத்துலேர்ந்து பாத்திருக்கேன். அலி அக்பர் கான், அம்ஜத் அலி கான் ரெண்டு பேரையும் கேட்டா சரோட்டோட ரெண்டு உலகம் தெரியும். ரவிசங்கரும் அலி அக்பரும் நிகிலும் மத்திய பிரதேசத்துல மைஹர்னு ஒரு சின்ன ஊர்ல அலாவுதீன் கான் கிட்ட கத்துக்கிட்டவங்க, பன்னாலால் கோஷும் அவர்கிட்டதான் வந்து சேந்தார். ஒரு மனுஷன், ஒரு ஊர்!

சாரங்கி பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். ஒரே மரத்துண்ட குடைஞ்சு செஞ்ச வாத்தியம், வில்லால வாசிக்கறது, மூணு நரம்புத் தந்தி மேல, கீழ முப்பத்தஞ்சு தரப் தந்தி மாதிரி. விரல் நுனியால அழுத்த மாட்டாங்க, நகம் ஆரம்பிக்கற இடத்துல இருக்கே அந்த சதை, அதால பக்கவாட்டுல ஒட்டி வழுக்குவாங்க, பவுடர் போட்டுப்பாங்க, பல வருஷம் வாசிச்சவங்க விரல்ல அந்த இடம் காச்சுப் போயிருக்கும். மனுஷக் குரலுக்கு இத விட கிட்ட வர்ற வாத்தியம் எதுவும் இல்லன்னு தயங்காம சொல்வேன். ஆனா தவாயிஃப்கள், அதாவது ஆடிப் பாடிப் பிழைச்ச பெண்கள், பாட்டுக்கு பக்கவாத்தியமா இருந்ததால சமூகம் இத தள்ளி வெச்சுது, சுருதி சேக்கறதும் கஷ்டம், ஹார்மோனியம் சுலபமா அந்த இடத்துல வந்து உக்காந்துடுச்சு. இத்தனைக்கும் ஹார்மோனியத்தால மீண்ட் எடுக்க முடியாதுன்னு ஆல் இந்தியா ரேடியோ 1940லேர்ந்து 1971 வரைக்கும் அத ஒதுக்கியே வெச்சிருந்துச்சு. 2024ல மறைஞ்ச ராம் நாராயண் சாரங்கிய தனிக் கச்சேரி வாத்தியமா மேடையேத்தினவர், அவர்லேர்ந்து ஆரம்பிங்க.

மத்தது வேகமா. பன்சூரி நம்ம புல்லாங்குழல விட நல்லா நீளம், அதனால ஆழமான கீழ்ஸ்தாயி வரும், இந்த நீளக் குழல கச்சேரிக்கு கொண்டு வந்தது பன்னாலால் கோஷ், அப்புறம் ஹரிபிரசாத் சௌராசியா. ஷெனாய் நாதஸ்வரத்தோட சொந்தக்காரன், ஆனா சின்னது, குரல் மெல்லிசு, பிஸ்மில்லா கான் கல்யாண வாசல்லேர்ந்து கச்சேரி மேடைக்கு ஏத்தினார், 2001ல பாரத ரத்னா. சந்தூர் காஷ்மீர் வாத்தியம், நூறு தந்திக்கு கிட்ட, ரெண்டு சின்ன மரக்குச்சியால தட்டறது, தட்டினா ஸ்வரத்த இழுக்க முடியாதே இதுல எப்படி ராகம்னு கேட்டவங்களுக்கு சிவ்குமார் ஷர்மா குச்சிய தந்தி மேல நடுங்க விட்டு பதில் சொன்னார். ருத்ர வீணை கேக்க கிடைச்சா விடாதீங்க.

தபலாவுல வலது கைது மரம், ச-வுக்கு சுருதி சேத்திருக்கும், இடது கைது உலோகம், அதான் பாயா, உள்ளங்கைய அழுத்தி தள்ளும்போது "கூம்"னு வளையும். மிருதங்கத்துல இடது பக்கம் கச்சேரிக்கு கச்சேரி ரவை அப்புவாங்க, பக்வாஜுக்கு கோதுமை மாவு, தபலாவுல ரெண்டு பக்கமும் கருப்பு நிரந்தரமா ஒட்டியிருக்கும். ஜாகிர் ஹுசைன் 2024 டிசம்பர்ல போயிட்டார், அவர் தனியா வாசிச்சத விட சிவ்குமார் ஷர்மாவுக்கு பக்கத்துல உக்காந்து அடக்கி வாசிச்சத நான் அதிகம் கேக்கறேன்.

ஆறாவது படி: கரானா

கரானான்னா பாணி, குடும்பம், ஊர் எல்லாம் கலந்தது. ஒரு மாசம் யமன் கேட்டதுக்கு அப்புறம் இத தொடுங்க, அப்போ வித்தியாசம் தானா தெரியும். கிரானா கரானால ஸ்வரத்த ஒண்ணொண்ணா விரிப்பாங்க, ஜெய்ப்பூர் அத்ரௌலியில அபூர்வ ராகங்க, பின்னிப் பின்னி போற தான், குவாலியர்ல பந்திஷ் நேர்த்தியா முழுசா வரும். இதுக்கு மேல ஆரம்பத்துல தேவையில்ல. வட இந்திய சங்கீதம்னு பேர் இருந்தாலும் பீம்சேன் ஜோஷி, கங்குபாய் ஹங்கல், மல்லிகார்ஜுன் மன்சூர் மூணு பேருமே வட கர்நாடகத்துக்காரங்க, ஹூப்ளி தார்வாட் பக்கம்.

கிரானாவோட அப்துல் கரீம் கான் பத்தி நம்ம ஊர்க்காரங்க தெரிஞ்சுக்கணும். மிரஜ்ல வாழ்ந்தவர், மைசூர் அரண்மனையில பாடினவர், தெற்கத்தி சங்கீதத்து மேல அவ்வளவு மரியாதை, தியாகராஜர் கீர்த்தனைய கூட ரெக்கார்ட் பண்ணியிருக்கார். 1937 அக்டோபர்ல மெட்ராஸ்லேர்ந்து பாண்டிச்சேரி போற வழியில ரயில்ல உடம்பு முடியாம சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன்ல இறங்கினார், அந்த ப்ளாட்ஃபார்ம்லயே உயிர் போயிடுச்சு. தாம்பரம் செங்கல்பட்டு லைன்ல அந்த ஸ்டேஷன தாண்டும்போதெல்லாம் நான் ஹெட்போன மாட்டிக்கறேன்.

ஏழாவது படி: நேர்ல போங்க

ரெக்கார்டிங் பாதிதான். டிசம்பர்ல புனே சவாய் கந்தர்வ, குவாலியர்ல தான்சேன் சமாரோ, ஜலந்தர்ல 1875லேர்ந்து நடக்கற ஹர்பல்லப், ஜனவரியில அகமதாபாத் சப்தக், கல்கத்தா டோவர் லேன். ஏப்ரல்ல காசியில சங்கட மோசன் கோயில்ல ராத்திரி முழுக்க. ஸ்வெட்டரும் ஒரு பெட்ஷீட்டும் எடுத்துட்டு போங்க. கைதட்டறத விட நல்ல இடத்துல "வாஹ்", "க்யா பாத் ஹை"ன்னு சொல்றதுதான் அங்க பழக்கம், ஆனா முதல் வருஷம் பக்கத்துல இருக்கறவங்க எங்க சொல்றாங்கன்னு மட்டும் கவனிங்க, அதுவே ஒரு பாடம். தபலாக்காரர் சுத்தியலால தட்டி சுருதி சேக்கற நேரத்துல பேசாதீங்க.

கத்துக்கணும்னு தோணிச்சுன்னா

வாத்தியம் வாங்கறதுக்கு முன்னாடி குரு. நான் இந்த வரிசைய மாத்தி பண்ணிட்டேன், ஒரு கடையில பாக்க அழகா இருந்த சிதார வாங்கிட்டு வந்துட்டேன். பிரடை நிக்கல, வழுக்கிட்டே இருந்துச்சு, ஜவாரி செத்துப் போயிருந்துச்சு, தரப் தந்தி பாதி அலங்காரம். ஆறு மாசம் என் கைதான் சரியில்லன்னு நெனச்சுட்டிருந்தேன், ஒரு நாள் சொல்லிக் கொடுக்க வந்தவர் எடுத்து ஒரே ஒரு தடவை மீட்டிட்டு கீழ வெச்சுட்டார். மிரஜ், கல்கத்தா பக்கம் கை தேர்ந்தவங்க செஞ்சத, தெரிஞ்ச ஒருத்தர கூட கூட்டிட்டு போய் வாங்குங்க, இல்ல முதல் வருஷம் வாடகைக்கு எடுங்க. எந்த வாத்தியம் கத்துக்கிட்டாலும் கூடவே பாடவும் சொல்லித் தர்ற குருவா பாருங்க, அங்க வாத்தியக்காரங்க எல்லாருமே முதல்ல வாயால பாடித்தான் கத்துக்கறாங்க. பரீட்சை வேணும்னா காந்தர்வ மகாவித்யாலய மண்டல் நடத்தறது இருக்கு, ப்ராரம்பிக்ல ஆரம்பிச்சு விஷாரத், அலங்கார் வரைக்கும் போகும், ஆனா முதல் வருஷம் அந்த நெனப்பே வேண்டாம்.

விடிகாலையில கீழ் ஸ்தாயியில ச-வ பிடிச்சு நிக்கறதுதான் முதல் ரியாஸ், அதாவது சாதகம், மூச்சு முடியற வரைக்கும் ஒரே ச. சிதார் எடுத்தவங்களுக்கு முதல் மூணு வாரம் இடது கை ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனியில தந்தி கோடு போட்டு எரியும், சாதத்த பிசையும்போது தெரியும். அப்போ விட்டுடாதீங்க, அதுக்காக ரெண்டு மணி நேரம் வெறியா வாசிக்கவும் வேண்டாம், தினம் இருபது நிமிஷம், நி ரே க மட்டும் போதும், தோல் தானா தடிச்சுக்கும். பக்கத்துல அந்த தம்புரா ஆப் ஓடிட்டே இருக்கட்டும்.